சிவப்புக் காரில் போன பூவரசங்கொப்பு

உனக்கு எதற்குப் பிள்ளை இந்தக் கதை? தோளில் ரேடியோ, கையில் வெளிச்சம் எரிகிற தடி, தலையில் மஞ்சள் தொப்பி, காலில் சப்பாத்து. "அனுப்பட்டா?" என்று நீ கேட்டால், ரோட்டின் மற்றப் பக்கம் நிற்கிறவளின் குரல் உன் தோளிலிருந்தே "அனுப்பு" என்கிறது. ரோட்டு வேலையில் வண்டிகளை நிறுத்தி அனுப்புகிறவளுக்கு இவ்வளவும் இருக்க, வேலை நேரத்தில் என் வாசலுக்கு வந்து, "மாமி, நீங்க கொடி பிடிச்ச காலத்துல கொப்பு குடுத்து அனுப்பினீங்களாமே, ஒரு நாள் என்னமோ நடந்திச்சாமே" என்று கேட்கிறாய். மைமூன்தான் சொல்லியிருப்பாள். ரோட்டில் என்னோடு கொடி பிடித்தவள். ஆனால் அவளுடைய வாய்க்குச் சிவப்புக் கொடி கிடையாது, எப்போதும் பச்சைதான்.

நான் சொல்லாவிட்டால் மீதியையும் அவளே சொல்லுவாள். அவள் சொன்னால் நான் ஓடியதை விழுந்ததாகச் சொல்லுவாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் மருமகள் பக்கத்தில் இருந்து எழுதுகிறாள். நான் "ஈக்கிது" என்றால் அவள் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். நல்ல மருமகள். என்னையும் இப்படித் திருத்தலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

உப்பளத்தில் கூடை சுமந்தேன். பிறகு ரோட்டில் கல்லுச் சட்டி சுமந்தேன். ஒரு நாள் கழுத்து போதும் என்றது. ரோட்டு வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் அதைப் பார்த்துவிட்டு, சட்டியை வாங்கி வைத்து, கையில் இரண்டு கொடியைத் தந்தார். சிவப்பை நீட்டினால் நிற்பார்கள், பச்சையை நீட்டினால் போவார்கள். படிப்பு அவ்வளவுதான். மீதியை வெயில் படிப்பித்தது.

முதல் நாள் ஒரு ஜீப் வந்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே யார் என்று தெரியவில்லை; முன்னாலும் பின்னாலும் மோட்டார் சைக்கிள். ஆனாலும் சிவப்பை நீட்டினேன். நின்றது! அத்தனை பெரிய ஜீப், ஒரு முழம் துணிக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அன்று வரை என் பேச்சைக் கேட்டது என் கோழி மட்டும்தான். அதற்கும் தீனி போட வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கொடியைக் கழுவி, உம்மாவின் தொழுகைத் துப்பட்டிக்குப் பக்கத்தில் காயப் போட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகுதான் எங்கள் பக்கம் காபட் ரோடு, அதுதான் வழுவழுப்பான தார் ரோடு, வந்தது. பாலாவியில் இருந்து கற்பிட்டிக்குப் போகிற அந்த ரோட்டில் அதற்கு முன்பு மாட்டு வண்டியும் காரும் ஒரே வேகத்தில்தான் போகும். அத்தனை குழி. காபட் போடுகிற இயந்திரத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் கூட்டம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்தது. பெரிய மிருகம் மாதிரி மெல்ல நகர்ந்து, வயிற்றிலிருந்து புகை பறக்கப் பறக்க ரோட்டைப் பெற்றுக்கொண்டே போகிறது. பின்னால் உருளை போகிறது. அதற்குப் பின்னால் எங்கள் ஓவசியர் போவார், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.

அவரை நீ பார்த்திருக்க வேண்டும். கனகலிங்கம் ஓவசியர். யாழ்ப்பாணத்து மனிதர், யுத்தத்தில் இங்கே வந்து எங்களோடேயே இருந்துவிட்டார். கத்தமாட்டார், திட்டமாட்டார். கல்லுச் சுமக்கிற பெண்ணையும் "நீங்கள்" என்றுதான் சொல்லுவார். வெயில் தாழ்ந்த பிறகு, முதல் நாள் போட்ட காபட்டில் குப்புறப் படுத்து, கன்னத்தை ரோட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப் படுத்தே, "மூண்டாவது கூம்புக்குப் பக்கத்தில ஒரு விரல் தாழ்ந்து கிடக்கு" என்பார். நீளப் பலகையை வைத்துப் பார்த்தால் ஒரு விரல்தான் தாழ்ந்திருக்கும். நான் அவர் கன்னத்தையே பார்ப்பேன். அது கன்னமா, மட்டப் பலகையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இனிக் கொப்புக்கு வருகிறேன்.

ரோட்டின் ஒரு பாதியில் வேலை நடந்தால் மற்றப் பாதியில்தான் இரண்டு பக்கத்து வாகனமும் போக வேண்டும். ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விட வேண்டும். என் பக்கம் நான், அந்தப் பக்கம் மைமூன். நடுவே முக்கால் மைல், ஒரு வளைவு, ஆளை மறைக்கிற உடை மரப் பற்றை. அங்கிருந்து அவளை நான் காண முடியாது, என்னை அவள் காண முடியாது. நான் அனுப்பிய வாகனமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டதா என்று அவள் எப்படி அறிவாள்? அதற்குத்தான் கொப்பு.

ஓவசியர் தினமும் காலையில் தன் கையாலேயே ஒரு பூவரசங்கொப்பு முறித்து, காம்பில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டித் தருவார். வரிசையில் கடைசி வண்டிக்காரனிடம் அதைக் கொடுக்க வேண்டும். அவன் கொண்டுபோய் மைமூனிடம் கொடுப்பான். கொப்பு கைக்கு வந்தால் ரோடு காலி என்று அர்த்தம். அவள் தன் பக்கத்தைத் திறப்பாள். அவளுடைய கடைசி வண்டியில் கொப்பு திரும்பி என்னிடம் வரும். பழைய கொப்பை ஓவசியர் சேர்க்கமாட்டார். "வாடின கொப்பு வந்தால் நம்பாதேங்கோ. அது நேற்றுச் சொன்ன கதை" என்பார். கைபேசியும் கூடாது. வேலை நேரத்தில் அது பையில் கிடக்க வேண்டும், பை மரத்தில் தொங்க வேண்டும். கைபேசியில் பேசுகிறவள் சிவப்பை எடுக்கிற கையால் பச்சையை எடுப்பாள் என்பது அவர் பயம்.

நீ சிரிக்கிறாய். முக்கால் மைல் ரோட்டை, ஒரு ஆடு தின்றுவிடக்கூடிய இலை காவல் காத்தது. எனக்கு அது அப்போதும் ஆச்சரியம், இப்போதும் ஆச்சரியம்.

காபட் வந்ததும் கார்ப் பைத்தியங்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தளத்தில் இருந்து நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி நௌபர் என்று ஒருவன். டவுனில் கைபேசிக் கடை. சிவப்புக் கார். ஸ்பிரிங்கை மாற்றி, இறுக்கி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்த்தி வைத்திருந்தான். அவர்களுக்கு எதிர்க்கட்சி ஹனீபா நானா. டவுனில் லொறிகளுக்கு ஸ்பிரிங் அடிக்கிற பட்டறை வைத்திருந்தவர். கற்பிட்டியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஞாயிறு தோறும் போவார், அவருடைய வயசில் பாதி வயசான ஒரு பழைய வெள்ளைக் காரில். அது உயரம். பஞ்சு மெத்தை மாதிரி ஆடும்.

என் சிவப்புக் கொடிக்கு முன்னால் நின்றால் இறங்கிவிடுவார்கள். தர்க்கம் தொடங்கிவிடும்.

"கொடி மாமி, ஒரு வண்டிதானே, விடுங்களேன்" என்பான் நௌபர்.

"ஒரு வண்டியா? சத்தத்துக்கு நான் நாலு எண்டு நெனச்சேன் மகன்."

"இதுட அருமை ஒங்களுக்கு வெளங்காது மாமி."

"வெளங்குது. இந்தக் காருக்கு அடியில ஒரு பூன படுக்க ஏலாது. வெயிலுக்கு எங்கட பூன எங்க போற?"

ஹனீபா நானா சிரிப்பார். நௌபர் உள்ளங்கையை நீட்டி, கையையே காராக்கி, வளைவில் திருப்பிக் காட்டுவான். "பாருங்க நானா. ஸ்பிரிங் எறுக்கமா இருந்தா ஒடம்பு சாயாது. ஒடம்பு சாயாட்டி வேகமாப் போனாலும் கார் கைக்குள்ள நிக்கும். ஒங்கட கார் வளைவுல கப்பல் மாதிரிச் சரியுது. ஆபத்து ஒங்கள்ட்டதான்."

"சரியட்டும். சில்லு நாலும் நெலத்துல இருக்கே" என்பார் அவர். "ரோடு மேச மாதிரி இருந்தா நீ சொல்றது சரி. ஒரு மதகு வந்து, அதுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் வந்தா உன்ட எறுக்கமான சில்லு நெலத்த உட்டுத் துள்ளும். சில்லு துள்ளினா உன்ட கையில இருக்கிற ஸ்டியரிங் வெறும் வளையம்."

"காபட் ரோட்டுல எங்க பள்ளம்?"

"கழுத இரிக்கே. கழுதைக்கு நீ என்ன ஸ்பிரிங் போடப் போற?"

உண்மைதான், எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குக் காபட் ரோடு என்றால் உயிர். சூடு கிடைக்கிறது என்று நட்டநடுவில் படுத்துக்கொள்ளும். "பந்தயம் ஓட வேற எடம் இரிக்கி மகன். இது எல்லாரும் போற ரோடு" என்று ஹனீபா நானா முடிப்பார். "எல்லாரும் போற ரோட்டுலதான் நல்ல கார் தேவ" என்று அவன் மறுபடி தொடங்குவான். ஒரு நாள் நான் கேட்டேன்: "ரெண்டு பேரு சொல்றதும் சரி எண்டா, அப்ப பிழ ஆரு?"

"எதிர வாறவன்" என்றார் ஹனீபா நானா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அன்றும் ஞாயிறு. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வேலை. போகிற வழியில் இடது பாதி மூடியிருந்தது. என் பக்கத்து முனையில் இடது பாதிக்கு முதல் நாள்தான் காபட் போட்டிருந்தோம். சூடு ஆறவில்லை என்று பிளாஸ்டிக் கூம்பு வைத்து மறித்திருந்தோம். வளைவுக்கு அப்பால் இடது பாதி இன்னும் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டிக் கல்லுப் பரப்பிய பள்ளம். வாகனமெல்லாம் வலது பாதியால் போகும். வலது பக்கத்து விளிம்பு நேரே, கடல் தண்ணி ஏறுகிற களப்புச் சேற்றில் இறங்கும்.

அந்த முறை என் வரிசையில் இரண்டே வண்டி. முன்னால் ஹனீபா நானா. பின் சீட்டில் அவர் மனைவி சுபைதா ராத்தா, மடியில் மகளுக்கு ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்பு. "மாமி, இண்டைக்கு மெதுவாத்தான் போவன். இது சிந்தினா எனக்கு வீட்டுல எடமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் நின்றார். அவருக்குப் பின்னால் நௌபர்.

பச்சையை எடுக்க முன்பு கொப்பைக் கொண்டுபோய் நௌபரிடம் கொடுத்தேன். கடைசி வண்டி அவன்தானே. கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என் வாய் பேசாமல் வராது.

"இந்தா மகன். இம்புட்டு எறுக்கமான ஸ்பிரிங் போட்டு என்னத்துக்கு? இண்டைக்கு வட்டிலப்பத்துக்குப் பின்னால ஊர்ந்து வாற ஆள் நீதான்."

அவன் சிரித்தான். காது மட்டும் சிவந்தது.

பச்சையை எடுத்தேன். வெள்ளைக் கார் ஆடி ஆடிப் போனது. சிவப்புக் கார் அதற்குப் பின்னால் கொஞ்சத் தூரம் உறுமிக்கொண்டு போனது. பிறகு இரண்டு கூம்புக்கு நடுவால் இடது பக்கம் நுழைந்து, எங்கள் புதுக் காபட்டில் ஏறியது. ஒரு வாகனமும் தொடாத, கண்மை மாதிரிக் கறுத்த ரோடு. அந்தக் கார் அதில் போனதைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு மெய் சிலிர்த்தது. நடுக்கமில்லை, ஆட்டமில்லை, கோடு போட்ட மாதிரிப் போனது. வெள்ளைக் காரைத் தாண்டி, வளைவுக்கு முன்பே வலது பக்கம் திரும்பி, பற்றைக்குள் மறைந்தது.

"மாஷா அல்லாஹ்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் விளங்கியது. கொப்பு முன்னால் போய்விட்டது. வெள்ளைக் கார் இன்னும் ரோட்டில் இருக்கிறது.

நௌபர் கொப்பை நீட்டிவிட்டுப் போவான். மைமூன் கொப்பைப் பார்ப்பாள். ரோடு காலி என்று நினைப்பாள். பச்சையை எடுப்பாள். அவள் பிழையே செய்யமாட்டாள், சட்டப்படிதான் செய்வாள். சட்டப்படி ஹனீபா நானாவையும் சுபைதா ராத்தாவையும் கொல்லுவாள். நான்தான் கொல்லுவேன்.

மரத்துக்கு ஓடி, பையிலிருந்து கைபேசியை எடுத்து அடித்தேன். அடிக்கிறது, அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அவளுடைய கைபேசியும் அவளுடைய மரத்தில்தானே தொங்குகிறது. சிவப்புக் கொடியை ஒரு கூம்பின் தலையில் செருகினேன். கொடிக்காரி தன் இடத்தை விட்டு நகரவே கூடாது என்பது முதல் சட்டம். அதையும் அன்று மிதித்துவிட்டு ஓடினேன்.

ரோட்டால் ஓடினால் வளைவு. களப்பு ஓரத்து வெளியால் குறுக்கே போனால் பாதித் தூரம். மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும், கீழே சேறு. ஐம்பது அடி போவதற்குள் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. சாரியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, "யா அல்லாஹ், என்ட வாய எடுத்துக்கோ, அவங்கள உட்டுடு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த வெளியில் பற்றை இல்லை. அங்கிருந்து ரோட்டின் இரண்டு பக்கமும் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

கற்பிட்டிப் பக்கமிருந்து பஸ் வருகிறது. காத்து நின்ற கோபத்தை எல்லாம் சேர்த்து மிதித்துக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கம் வெள்ளைக் கார் ஆடி ஆடி வளைவை எடுக்கிறது. ஒருவரை ஒருவர் காண்பதற்கு நடுவே பற்றை மட்டும்.

கண்டார்கள். பஸ் கத்தியது, சில்லு புகைந்தது, நிற்கிற தூரம் இல்லை. வலது பக்கம் போனால் களப்பு. ஹனீபா நானா அதைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம், அந்த ஒரு முழப் பள்ளத்துக்குள், சரிவாகக் காரை இறக்கினார். முன் சில்லு ஒன்று விழுந்தது. மூக்கு குனிந்தது. மற்ற முன் சில்லு விழுந்தது. பிறகு பின்னால் ஒன்று, கடைசியாக ஒன்று. நாலு காலும் நாலு ஆழத்துக்குப் போகின்றன, மேலே உடம்பு ஒரு தரம் அந்தப் பக்கம், ஒரு தரம் இந்தப் பக்கம் சாய்ந்து, பள்ளிவாசலில் தொழ நிற்கிற மனிதன் மாதிரி நேரே நிமிர்ந்து நின்றது. கல்லு நாலு பக்கமும் தெறித்தது. பஸ் உரசுகிற மாதிரிக் கடந்து, ஹனீபா நானா ஒரு நொடிக்கு முன்பு இருந்த இடத்தில் போய் நின்றது.

நான் ரோட்டில் ஏறினேன். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை மட்டும் அழுதது. ஹனீபா நானா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் இருந்தார். பின் கண்ணாடி இறங்கியது.

"என்னங்க இது," என்றார் சுபைதா ராத்தா, "இந்த ரோட்ட இன்னம் போட்டு முடியல்லயா?"

மடியில் சட்டி அப்படியே. ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்திருந்தது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழத் தொடங்கினார்.

நௌபர் அந்தப் பக்கமிருந்து காலால் ஓடி வந்தான். சிவப்புக் காரை நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். பின்னால் மைமூன், கையில் கொப்போடு. அவன் முகத்தில் இரத்தமில்லை. வெள்ளைக் காரின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, அடியைப் பார்த்தான்.

"நானா, என்ட கார் இதுல எறங்கியிருந்தா வயிறு பொளந்து அந்த எடத்துலயே நிண்டிருக்கும். நீங்க சொன்னதுதான் சரி."

பந்தயத்தில் வென்றவர் சிரிக்க வேண்டும். ஹனீபா நானா சிரிக்கவில்லை. "ஸ்பிரிங் காப்பாத்தல்ல மகன்" என்றார். "மெதுவா வந்தேன், அதான். இதே கார வேகமா எறக்கியிருந்தா இந்த ஒயரத்துக்கு உருண்டு, நாங்க ரெண்டு பேரும் காருக்கு அடியிலதான். நீ கெட்டிக்காரன். உன்ட காரும் நல்ல கார். ஆனா அது எதிர வாறவனுக்குத் தெரியாதே."

அந்த நேரம் ஓவசியர் வந்தார். ஓடி வரவில்லை, எப்போதும் போல நடந்து வந்தார். முதலில் காருக்குள் பார்த்தார், பிறகு பஸ்ஸுக்குள் பார்த்தார். எல்லோரும் முழுதாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"கொப்பை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"கடைசி வண்டிக்குத்தான் சேர்."

"கடைசியாய் நிண்ட வண்டிக்கோ, கடைசியாய்ப் போய்ச் சேரப்போற வண்டிக்கோ?"

எனக்கு வாய் வரவில்லை. என் வாய்! வாழ்க்கையில் முதல் தரம் அது வேலைநிறுத்தம் செய்தது. பிறகு மெல்லச் சொன்னேன், நான் அவனைச் சீண்டினேன், அதனால்தான் அவன் முந்தினான், என்னை வேலையால் நிறுத்துங்கள் என்று. நௌபர் குறுக்கே வந்து, "இல்ல சேர், மாமி பகிடிக்குச் சொன்னது, ஏறினது நான்" என்றான்.

ஓவசியர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "பிழை என்ரயும்தான்" என்றார். "இத்தனை வருசமாய்க் கடைசி வண்டி, கடைசி வண்டி எண்டு சொல்லித் தந்தனான். எது கடைசி எண்டு ஒருநாளும் சொல்லித் தரேல்லை. இனி வேகமாய்ப் போறவையை முன்னுக்கு விடுங்கோ. ஆக மெதுவாய்ப் போறவரிட்டைக் கொப்பைக் குடுங்கோ."

பெரிய உத்தியோகத்தர் ஒருவர், சேறு பூசிய ஒரு கொடிக்காரிக்கு முன்னால், பஸ் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க, தன் பிழை என்று சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி ஜீப் நின்றதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நௌபரை அவர் ஏசவில்லை. அவன் ஏறிய புதுக் காபட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "படுங்கோ தம்பி. கன்னத்தை வையுங்கோ" என்றார். அவன் அந்த நல்ல சட்டையோடு படுத்தான். "என்ன தெரியுது?" "ரெண்டு கோடு மாதிரித் தாழ்ந்து இரிக்கி சேர்." "அது உங்கட சில்லு. உங்களுக்கு முன்னம் இதில கன்னம் வைச்ச ஆக்கள் இருக்கினம்." அவ்வளவுதான். அன்று பின்னேரம் வரை நௌபர் எங்களோடு நின்று அந்தத் துண்டைத் தோண்டினான். கார்க்காரன் கையில் மண்வெட்டி இருந்த அழகைப் பார்த்து, என் வாய் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பியது.

என்னைத் தலை சுற்ற வைத்தது இன்னொன்று. அந்தக் களேபரம் முடிந்த கையோடு நான் திரும்பி என் இடத்துக்குப் போனபோது, கூம்பில் செருகிய கொடி தனியாக நிற்கிறது. அதற்கு முன்னால் பதினோரு வாகனம். ஒரு ஆளும் இல்லாத கொடிக்கு முன்னால், ஒரு ஆளும் முந்தாமல், அத்தனை வண்டியும் நின்றுகொண்டிருந்தன.

ஓவசியர் என்னை நிறுத்தவில்லை. வேலை முடிந்து புறப்படும்போது மைமூனிடமிருந்து கொப்பை வாங்கி, இலைகளைத் தடவிப் பார்த்து, என் கையில் வைத்தார். "இப்பதான் ரோடு காலி" என்றார்.

அதோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் முழங்கால் வரை களப்புச் சேறு. ஒழுங்கையில் பக்கத்து வீட்டு ஆமினாவும் அவள் மச்சியும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ராத்தா இந்தக் கோலம்?"

"புத்தளத்து நௌபர்ட சிவப்புக் காரோட பந்தயம் ஓடினேன்."

"அல்லாஹ்! வெண்டீங்களா?"

"காரோட ஓடி வெல்ல ஏலுமா? அவன் மொதல்ல போனான். ஹனீபா நானா ரெண்டாவது. நான்தான் கடைசி."

"கடைசியா வந்ததுக்கா இம்புட்டுச் சந்தோசம்?"

"ஓம் புள்ள" என்று சொல்லி, கொப்பைத் தூக்கிக் காட்டினேன். "எங்கட ரோட்டுல கடைசியா வந்து சேர்றவளுக்குத்தான் இது."